பக்கவாதத்திற்குப் பின் வீட்டுப் பயிற்சி: திரையின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார்?

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். கையைத் தூக்கும், முழங்காலை மடக்கும் கோட்டுப் படங்கள் அதில் இருக்கும். பக்கத்தில் "10 முறை, ஒரு நாளைக்கு 3 வேளை" என்ற குறிப்பு. இப்போது அந்தத் தாளின் இடத்துக்குச் செயலி வந்துவிட்டது. வீடியோ காலில் பிசியோதெரபிஸ்ட் வருகிறார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சென்சார் வந்திருக்கிறது. "தொட்டுப் பார்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சையைப் போனில் செய்ய முடியுமா?" என்று ஒரு பக்கம் சந்தேகம். "இனி எங்கும் அலைய வேண்டாம், எல்லாவற்றையும் செயலியே பார்த்துக்கொள்ளும்" என்று இன்னொரு பக்கம் விளம்பரம். இரண்டையும் நம்பாமல், விஷயத்தை அடியிலிருந்து பார்ப்பது நல்லது.

## மூளை எப்படித் திரும்பக் கற்கிறது

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுகிறது, அல்லது வெடித்து ரத்தம் கசிகிறது. அந்த இடத்தில் இறந்துபோன நரம்பணுக்கள் மீண்டு வருவதில்லை. ஆனால் அவற்றைச் சுற்றியிருக்கும் பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொண்டு, விட்டுப்போன வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ள முடியும். இந்தத் திறனைத்தான் நரம்பு நெகிழ்திறன், அதாவது நியூரோபிளாஸ்டிசிட்டி என்கிறார்கள். முதல் 3 மாதங்களில் இதில் கணிசமான பகுதி தானாகவே நடக்கிறது. அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. "6 மாதம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் வராது" என்று பலரிடம் சொல்லப்படும் தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை.

பயிற்சி என்பது தசைக்கு வலு ஏற்றுவது மட்டும் அல்ல. மூளைக்குப் பாடம் நடத்துவது. ஆகவே யார் அசைக்கிறார் என்பது முக்கியம். வீட்டில் உள்ளவர் கையைப் பிடித்து மடக்கி நீட்டிவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்கும். அந்த வேலைக்கு அது தேவைதான். ஆனால் மூளை அதில் கற்றுக்கொள்வது மிகக் குறைவு. விரல் ஒரு சென்டிமீட்டர்தான் நகர்கிறது என்றாலும், அந்த ஒரு சென்டிமீட்டரை அவரே முயன்று நகர்த்த வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பாடம் நடக்கிறது. பாதித்த கை சரியாக வராதபோது, எல்லாவற்றுக்கும் நல்ல கையே முந்திக்கொள்ளும். நாளடைவில், ஓரளவு வரக்கூடிய கையைக்கூட மூளை கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் டாப் இதைக் "கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை" என்று விளக்கினார். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதித்த கையை வேலை செய்ய வைக்கும் சிகிச்சை இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. 222 பேரிடம் நடந்த எக்ஸைட் ஆய்வு 2006இல் வெளியானது. 2 வாரம் மட்டுமே நடந்த இந்தச் சிகிச்சையின் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்ததை அது காட்டியது. ஆனால் மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசையக்கூடியவர்கள் மட்டுமே அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## கணக்கு எங்கே இடிக்கிறது

மூளை ஓர் அசைவைத் திரும்பக் கற்க எத்தனை முறை செய்ய வேண்டும்? விலங்குகளிடம் நடந்த சோதனைகளில் ஒரு நாளைக்குப் பல நூறு முறை செய்யவைத்த பிறகுதான் மூளையில் மாற்றம் தெரிந்தது. சிகிச்சைக்கூடத்தில் உண்மையில் எத்தனை நடக்கிறது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 அமர்வுகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, கையைக் கொண்டு ஒரு வேலையைச் செய்யும் அசைவுகள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32. நடைப்பயிற்சியில் 357 அடிகள்.

அந்த 32 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். வாரம் 3 நாள், 45 நிமிடம் வீதம் பிசியோதெரபி கிடைப்பவருக்கு மொத்தம் 2 மணி 15 நிமிடம். வாரத்துக்கு 168 மணி நேரம். மீதி 165 மணி நேரத்துக்கும் மேல் அவர் வீட்டில் இருக்கிறார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பங்கெடுக்கக் கூடியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3 மணி நேரம், வாரம் குறைந்தது 5 நாள் சிகிச்சை வேண்டும் என்கிறது. அத்தனை நேரத்துக்கும் ஒரு சிகிச்சையாளரை நேரில் உட்கார வைப்பது வசதியான நாடுகளிலேயே கடினம். 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் பக்கவாதத்திலிருந்து பிழைத்து வாழ்பவர்கள் 10 கோடிக்கும் மேல்.

ஆக, வீட்டுப் பயிற்சி என்பது சிகிச்சையின் பெரும்பகுதி. அதைத்தான் இதுவரை ஒரு தாளை நம்பி விட்டிருந்தோம்.

தாள் ஏன் தோற்கிறது? செய்வது சரியா என்று அது சொல்லாது. இரண்டாவது வாரம் எளிதாகிவிட்ட பயிற்சியை மாற்றாது. வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்டால் பதில் தராது. செய்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரிவிக்காது. இதோடு நோயின் பங்கும் சேர்கிறது. பக்கவாதத்துக்குப் பின் வரும் சோர்வு தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. சுமார் மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் முனைப்பே மூளை பாதிப்பால் குறைந்துபோகலாம். இவற்றையெல்லாம் சேர்த்து "சோம்பேறித்தனம்" என்று வீட்டில் பெயர் வைப்பது மிகக் கொடுமையான தவறு.

## தொலைவழிச் சிகிச்சை என்றால் எது

ஒரே பெயரில் நான்கு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

1. நேரலை. குறித்த நேரத்தில் வீடியோ காலில் சிகிச்சையாளர் வந்து, பார்த்து, திருத்தி, பயிற்சியை மாற்றுவது. அவருடைய நேரம் இதில் நேரில் வருவது போலவே செலவாகிறது, மிச்சமாவது பயணம்தான். நடக்கவே சிரமப்படுபவருக்கு அது சிறிய மிச்சம் அல்ல. போய்வரும் களைப்பிலேயே பயிற்சிக்கான தெம்பு தீர்ந்துபோகிறவர்கள் உண்டு.

2. பதிவு வழி. பயிற்சி வீடியோ செயலியில் இருக்கும். நோயாளி தனக்கு முடிந்த நேரத்தில் செய்வார். செய்ததைப் பதிவிட்டு அனுப்ப, சிகிச்சையாளர் பிறகு பார்த்துப் பதில் சொல்வார்.

3. சென்சார் வழி. மணிக்கட்டிலோ காலிலோ கட்டும் கருவி அசைவின் வேகத்தையும் திருப்பத்தையும் அளக்கும். அல்லது போன் கேமராவே மூட்டுகளை அடையாளம் கண்டு கோணத்தைக் கணக்கிடும். எண்ணிக்கைக்கு இது நல்லது. தரத்துக்கு எவ்வளவு நல்லது என்பதைக் கீழே பார்ப்போம்.

4. விளையாட்டு வழி. திரையில் பந்தைப் பிடிக்கக் கையை நீட்ட வேண்டும் என்பது போன்றவை. சலிப்பைக் குறைக்கும். ஆனால் விளையாட்டு என்பதாலேயே மருந்தாகிவிடாது. 2016இல் வெளியான எவ்ரெஸ்ட் ஆய்வில் 141 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு, கையை அசைத்து ஆடும் நின்டெண்டோ வீ என்ற வீடியோ விளையாட்டும், மற்றொரு குழுவுக்குச் சீட்டு, டாமினோ போன்ற சாதாரணப் பொழுதுபோக்குகளும் கொடுத்தார்கள். கைத்திறன் முன்னேற்றத்தில் வீ குழு முந்தவில்லை. கையை எவ்வளவு நேரம், எவ்வளவு முனைப்போடு பயன்படுத்தினார்கள் என்பதுதான் பலன் தந்தது. திரை இருந்ததா என்பது அல்ல.

## பலன் உண்டா? ஆய்வுகள் சொல்வது

தொலைவழிச் சிகிச்சைக்கு ஆதரவான வலுவான ஆய்வு 2019இல் அமெரிக்காவில் வெளியானது. கை பலவீனம் உள்ள 124 பேர், 11 மையங்கள். ஒரு பாதிப் பேர் மையத்துக்கு வந்தார்கள். மறுபாதிப் பேருக்கு வீட்டிலேயே இணைய இணைப்புள்ள கருவி வைத்துக் கொடுத்தார்கள். இரு குழுவுக்கும் 70 நிமிடம் வீதம் 36 அமர்வுகள்; அவற்றில் பாதி மேற்பார்வையோடு, பாதி தாங்களாகவே. கை அசைவை 66 புள்ளிகளுக்கு அளக்கும் ஃபூகல்-மேயர் தேர்வில் மையத்துக்கு வந்தவர்கள் சராசரியாக 8.36 புள்ளி கூடியிருந்தார்கள். வீட்டில் செய்தவர்கள் 7.86. வீட்டுச் சிகிச்சை சளைத்தது அல்ல என்பது முடிவு.

2020இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு 22 ஆய்வுகளை, 1,937 பேரை ஒன்றாக வைத்துப் பார்த்தது. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் தொலைவழிக்கும் மற்றவற்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்டவை. ஆதாரத்தின் தரம் நடுத்தரம் அல்லது அதற்கும் கீழ். பயிற்சியால் தீங்கு நேர்ந்ததா என்று பதிவு செய்த ஆய்வுகள் சொற்பம்.

விளம்பரங்களில் வராத ஆய்வு ஒன்றும் உண்டு. இந்தியாவில் 14 மையங்களில் 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு, 2017இல் லான்செட் இதழில் வெளியானது. அதில் செயலி எதுவும் இல்லை. ஒரு குழுவில், வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவரே நோயாளிக்குச் சிகிச்சையளிக்க வைத்தார்கள். மற்றொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 6 மாதத்துக்குப் பின் இறந்தவர்கள், பிறரைச் சார்ந்தே வாழ்பவர்கள் ஆகியோரின் விகிதம் இரு குழுவிலும் ஒன்றே: 47 சதவீதம். குடும்பத்தின் அன்பும் உழைப்பும் குறைவாக இருந்ததால் இப்படி ஆனது என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்வில் வீட்டுக் குழுவுக்குக் கிடைத்தது கருவி மட்டும் அல்ல. 36 அமர்வு என்ற அளவும், அவற்றில் 18இல் தேர்ந்த சிகிச்சையாளரின் கண்ணும் கிடைத்தன. நேரில் வருபவருக்குக் கொடுத்த அதே அளவை அப்படியே வீட்டுக்கு அனுப்பினார்கள். எனவே "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு செயலி சொன்னால், அந்த அளவும் அந்தக் கண்ணும் அதில் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

## கேமராவுக்குத் தப்பிப்பவை

மேசை மேல் ஒரு டம்ளர். எதிரே நாற்காலியில் அவர். பாதித்த கையை நீட்டி டம்ளரைத் தொட வேண்டும்; 20 முறை. 20 முறையும் தொட்டுவிட்டார். செயலி பச்சை விளக்குக் காட்டிப் பாராட்டுகிறது. ஆனால் உண்மையில் நடந்தது இது: முழங்கை நீளவே இல்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது, தோள் காது வரை தூக்கிக்கொண்டது, கை அந்தச் சாய்வில் டம்ளரை எட்டியது.

இதை ஈடுகட்டும் அசைவு என்பார்கள். வராத மூட்டின் வேலையை வரும் மூட்டு செய்துவிடுகிறது. உடம்பு போடும் குறுக்குவழி இது, கெட்டிக்காரத்தனமும்கூட. மீட்சிக்கு வாய்ப்பே இல்லாதவருக்குச் சில நேரம் சிகிச்சையாளரே இதைக் கற்றுக்கொடுப்பார். ஆனால் முழங்கை திரும்ப வரக்கூடியவர் இதை 20 முறை செய்தால், 20 முறையும் தவறான பாடத்தைப் படிக்கிறார். எண்ணிக்கை கூடக்கூடத் தவறு ஆழமாகப் பதிகிறது. எண்ணிக்கை முக்கியம் என்று மேலே சொன்னதன் ஆபத்தான மறுபக்கம் இதுதான்.

எதிரே வைத்த ஒற்றை கேமராவுக்கு முன்னோக்கிய சாய்வு சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். நேரலையில் நல்ல சிகிச்சையாளர் முதலில் செய்வது இதைத்தான்: போனைப் பக்கவாட்டுக்கு மாற்றச் சொல்வார், முதுகை நாற்காலியில் ஒட்டி உட்காரச் சொல்வார், டம்ளரை 10 சென்டிமீட்டர் கிட்டே நகர்த்துவார். எண்ணிக்கையையும் 20இலிருந்து 8 ஆக்கிவிடுவார். எந்தத் தவறை விடலாம், எதை இப்போதே திருத்த வேண்டும் என்று எடை போடுவது மனித வேலை.

கேமராவால் கொஞ்சமும் முடியாத வேறு சில உண்டு. தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை கையைப் பிடித்து அசைத்தால்தான் உணர முடியும். தோள் மூட்டு குழியிலிருந்து சற்று இறங்கியிருக்கிறதா, தொடு உணர்வு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பவையும் அப்படியே. அதனால்தான் முதல் பரிசோதனையாவது நேரில் நடக்க வேண்டும், பிறகும் அவ்வப்போது நேரில் பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

தோளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பக்கவாதத்துக்குப் பின் வரும் தோள்வலி மிகப் பரவலானது. ஒருமுறை வந்துவிட்டால் மாதக்கணக்கில் பயிற்சியையே முடக்கும். பாதித்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும், கப்பியில் கயிறு மாட்டி நல்ல கையால் பாதித்த கையைத் தலைக்கு மேல் இழுப்பதும் தோளைக் கெடுக்கக்கூடியவை. எல்லாருக்கும் பொதுவான வீடியோவில் இவை இருந்தாலும் செய்யக் கூடாது.

## வீட்டில் அமர்வை அமைப்பது

போனை வீட்டில் உள்ளவர் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எங்கும் நடக்கும் முதல் தவறு. அந்தக் கை நோயாளியைத் தாங்க வேண்டிய கை. போன் ஸ்டாண்டில் இருக்கட்டும், அல்லது புத்தக அடுக்கில் சாய்ந்திருக்கட்டும்.

நிற்கும், எழும் பயிற்சிகளில் துணை நிற்பவர் பாதித்த பக்கத்தில், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். பிடிக்க வேண்டுமானால் இடுப்பில் பிடிக்கலாம், கையில் அல்ல. நாற்காலிக்குச் சக்கரம் இருக்கக் கூடாது, கைப்பிடி இருக்க வேண்டும், முதுகுப்பக்கம் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மருத்துவர் சொல்லியிருந்தால் தொடங்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அமர்வு தொடங்கும்போதே வீட்டு முகவரியும் அவசர எண்ணும் சிகிச்சையாளரிடம் இருக்க வேண்டும். தொலைவில் இருப்பவர் உதவியை எங்கே அனுப்புவார்?

பேச்சிழப்பு உள்ளவருக்குத் தொலைவழி ஒத்துவராது என்று ஒதுக்கிவிட வேண்டாம். வாயால் விளக்குவதைக் குறைத்து, செய்து காட்டினால் பலரும் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடும் பாதிப்பு உள்ளவருக்குத் திரை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைச் சிகிச்சையாளர் முடிவு செய்யட்டும். தனியாக நின்றால் விழுபவர், சொன்னதை நினைவில் வைக்க முடியாதவர், அருகில் துணை இல்லாதவர் ஆகியோருக்கு நின்று செய்யும் பயிற்சிகளைத் தொலைவழியில் கொடுக்கக் கூடாது.

சீக்கிரமாகவும் அதிகமாகவும் தொடங்கினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் சரி அல்ல. 2,104 பேரிடம் நடந்து 2015இல் வெளியான அவெர்ட் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்களில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் 46 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50 சதவீதம். நிலைமை சீரான பிறகே பயிற்சியின் அளவை ஏற்ற வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல் என்றால் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். முகம் கோணுவது, கையில் புதிதாகப் பலவீனம், பேச்சுக் குழறல், திடீர்க் கடும் தலைவலி என்றால் செயலியில் செய்தி அனுப்பிக் காத்திருக்கக் கூடாது. நேராக அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்தான்.

## சேரும் முன் கேட்க வேண்டியவை

1. முதல் பரிசோதனையை நேரில் செய்பவர் யார்? பக்கவாத நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்த அனுபவம் அவருக்கு உண்டா?
2. நான் அனுப்பும் பதிவை யார் பார்ப்பார், எத்தனை நாளுக்குள்? "செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும்" என்பது இதற்குப் பதில் ஆகாது.
3. பயிற்சி எப்போது மாற்றப்படும்? ஒரு மாதம் ஒரே பட்டியல் ஓடினால் அது தாள்தான். பேட்டரி போட்ட தாள்.
4. வலி என்று பதிவு செய்தால் என்ன நடக்கும்?
5. அரைகுறை உடையில் வீட்டுக்குள் எடுத்த வீடியோ எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும்?
6. இணைப்பு அறுந்துபோன நாளில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பீர்களா?

## தேர்வில் கூடிய மதிப்பெண் வாழ்க்கைக்கு வருகிறதா

இரண்டு மணிக்கட்டிலும் சென்சார் கட்டி நாள் முழுக்க அளந்தால், ஆரோக்கியமானவர்கள் இரண்டு கைகளையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் பயன்படுத்துவது தெரிகிறது. பக்கவாதம் வந்தவர்களிடம் பாதித்த கையின் பங்கு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிகிச்சைக்குப் பின் தேர்வில் மதிப்பெண் கூடிய பலரிடமும், வீட்டில் அந்தக் கையின் பயன்பாடு கூடவில்லை என்று இதே கருவிகள் காட்டியிருக்கின்றன. சிகிச்சைக்கூடத்தில் டம்ளரைத் தூக்கிய கை, வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது மடியில் கிடக்கிறது.

சிகிச்சைக்கூடத்தால் பார்க்க முடியாத இந்த இடத்தைத் தொலைவழிச் சிகிச்சையால் பார்க்க முடியும். போனைத் திருப்பினால் அவர் தினமும் திறக்கும் கதவும், இறங்கும் படியும், திருகும் குழாயும் சிகிச்சையாளருக்குத் தெரிகின்றன. கதவின் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து அதையே அடுத்த வாரப் பயிற்சியாக எழுதலாம்: அறைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் பாதித்த கையால் திறக்க வேண்டும், முடியாவிட்டால் நல்ல கை உதவிக்கு மட்டும் வரலாம். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த அறைக்குள் போய்வருகிறாரோ அத்தனை முறை பயிற்சி. அதற்குச் செயலியைத் திறக்கவே வேண்டியதில்லை.